சேவுகனுக்கு வந்த படை

குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு சேவுகன் பல்லிகளுக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தான். வெளியே அவனுடைய ஆத்தா, சாலா ஆச்சி, கதவைத் தட்டினார்.

“என்னடா, உள்ள போயி அரை நாளாச்சு. வயிறு சரியில்லையா?”

“ஆமாத்தா. நேத்து சாப்பிட்ட நாசி லெமாக்.”

அந்தத் தேங்காய்ப்பால் சோற்றின் மேல் ஒரு குற்றமும் இல்லை. முகம் கழுவும் தொட்டியைச் சுற்றிலும் கட்டைவிரல் உயரப் பல்லி மனிதர்கள், கையில் ஈட்டியும் கேடயமுமாக, வரிசையில் நின்று காய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களை மேசைமேல் நிறுத்தி, பகடை உருட்டி, எதிராளியின் பூதங்களோடு போர் செய்ய வேண்டும். அதுதான் விளையாட்டு. ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கும் சேவுகன், முப்பத்து மூன்று வயதில், தன் முதல் படையைத் திரட்டிக்கொண்டிருந்தான்.

இது ஆத்தாவுக்குத் தெரியக் கூடாது. போன வருடம் பெண் கொடுக்க வந்த ஒரு குடும்பம் அவன் அலமாரியில் இருந்த ரோபோ பொம்மைகளைப் பார்த்தது. “மாப்பிள்ளைக்கு இன்னும் பால் பல்லே விழல போல” என்று சிரித்தது. பலகாரத்தைச் சாப்பிட்டு முடித்துவிட்டு எழுந்து போனது. அன்றே ஆத்தா பொம்மைகளையெல்லாம் அள்ளி அக்கா பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, இனி இந்த வீட்டில் பொம்மை என்ற பேச்சே கூடாது என்று சாமி படத்தின் முன்னால் அவனிடம் சத்தியம் வாங்கினார்.

இப்போது ஆயர் தாவாரில் இருக்கும் சிதம்பரம் செட்டியாரின் மகள் கவிநயாவைப் பேசி முடித்திருந்தார்கள். தை மாதம் கல்யாணம். கவிநயாவை அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவன் சொல்லும் கணக்காளர் ஜோக்குகளுக்குக்கூட அவள் சிரித்தாள். அப்படி ஒருத்தியை ஒரு பல்லிக்காக இழக்க அவன் தயாராக இல்லை. பல்லியையும் விட முடியவில்லை. அதனால்தான் குளியலறை.

கைப்பேசி அதிர்ந்தது. தொழிற்சாலையில் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் பவித்ரன். இந்த விளையாட்டுக் குழுவின் தலைவனும் அவன்தான். அவன் வைத்த சட்டம் ஒன்று உண்டு: விளையாட்டைப் பற்றித் தமிழில்தான் பேச வேண்டும். ஆர்மி என்று ஒருவன் வாய் தவறினால் ஒரு பகடை பறிமுதல். மலாய்க்கு மட்டும் தண்டனை கிடையாது. அதையும் தடுத்தால் பவித்ரனே வாய் திறக்க முடியாது.

“மச்சான், படை எப்படி இருக்கு?”

“படை இன்னும் காயலடா,” என்றான் சேவுகன். “நேத்து பூசுனது. தொட்டா கையில ஒட்டிக்குது.”

“செதில்லாம் எப்படி?”

“செதிலு செதிலா நல்லாத் தெரியுது. முதுகு முழுக்கப் பரவிருச்சு.”

“அழகு லா! ஞாயித்துக்கிழமை கொண்டாந்து காட்டு.”

சாலா ஆச்சி அப்போதுதான் மகனின் வயிற்றுக்கு ஓமத் தண்ணீர் கொண்டுவந்து கதவருகே நின்றார். அவர் காதில் விழுந்தது மகனின் பேச்சு மட்டும்தான். அதுவே போதுமாக இருந்தது. படை! அக்குளிலும் தொடையிலும் வட்ட வட்டமாய் வந்து, அரித்து, பக்கத்தில் இருப்பவனுக்கும் ஒட்டிக்கொள்ளுமே, அந்தப் படை. கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைக்கு! ஓமத் தண்ணீரை ஆச்சி தானே குடித்துவிட்டார்.

இரவு தோசை போட்டுக்கொண்டே கேட்டார்.

“எத்தனை நாளா இருக்கு?”

“எது ஆத்தா?”

“மறைக்காதடா. போன்ல பேசுனதக் கேட்டுட்டேன். படை.”

சேவுகன் பிய்த்த தோசையைத் தட்டிலேயே வைத்தான். இனி ஒளிப்பதில் பயன் இல்லை. “ரெண்டு மாசமா.”

“யாருகிட்டேருந்து வந்துச்சு?”

“பவித்ரன்தான். சும்மா அவன் வீட்டுக்குப் போனேன், எனக்கும் புடிச்சுக்கிச்சு.”

“முருகா! நெறையா இருக்கா?”

“இப்போதைக்குக் கொஞ்சம்தான். தைக்குள்ள ரெண்டு மடங்காயிரும்.”

ஆச்சி அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். “கவிநயாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. கல்யாணத்துக்கு அப்புறம் மெதுவாக் காட்டலாம்னு இருந்தேன்.”

“காட்டுவடா, ஏன் காட்ட மாட்ட.” ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சரி, யாருகிட்டயும் மூச்சு விடாத. ஆத்தா பாத்துக்குறேன்.”

இப்படி ஒரு தாய் யாருக்குக் கிடைப்பாள் என்று உருகியபடி சேவுகன் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினான்.

காலையில் எழுந்தபோது கட்டிலருகே ஆத்தா கிண்ணத்தோடு நின்றார். உள்ளே பச்சையாக ஏதோ விழுது.

“எங்க இருக்குன்னு காட்டு. கெலெங்காங் இலை, நம்ம சீமையகத்தி. உப்பும் எலுமிச்சங்காயும் வச்சு அரைச்சிருக்கேன். எப்பேர்ப்பட்ட படையும் ஓடிரும்.”

சேவுகனுக்கு அப்போதுதான் விளங்கியது. உண்மையைச் சொன்னால் பொம்மை வெளியே வரும், சத்தியத்தை மீறியதும் வெளியே வரும். நோய் என்றால் தைக்குள் குணமாகிவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம். பொம்மைக்கு மருந்து கிடையாது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். இது ஒரே ஒரு பொய், அதுவும் பெற்ற தாய் எடுத்துக் கொடுத்த பொய்.

“நீ பாக்கக்கூடிய எடத்துல இல்லாத்தா,” என்றான்.

ஆச்சி கிண்ணத்தை அவன் கையில் திணித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

மருந்து வாடை வீசவில்லை என்றால் சந்தேகம் வரும். அதற்காக முழங்கைகளில் மட்டும் கொஞ்சம் தேய்த்தான். இலையா, எலுமிச்சையா என்று தெரியவில்லை, மாலைக்குள் இரண்டு கைகளும் சிவந்து தடித்துவிட்டன.

“பாத்தியா, கைக்கு வந்திருச்சு!” என்று அலறினார் ஆச்சி.

அன்றிலிருந்து அவனுக்குத் தனித் தட்டு, தனித் துண்டு, தனிச் சோப்பு. கத்தரிக்காய் இல்லை, கருவாடு இல்லை, இறால் வாசமே இல்லை. விழுது இரண்டு வேளையிலிருந்து மூன்று வேளையானது. தேய்க்கத் தேய்க்கத் தடித்தது, தடிக்கத் தடிக்க ஆச்சி அரைத்தார். போதாததற்கு, நோயின் ஊற்றுக்கண்ணையே அடைத்துவிட எண்ணிப் பவித்ரனுக்குப் போன் போட்டார்.

“தம்பி, ஒனக்கும் படை இருக்காமே?”

பவித்ரனுக்குத் தலைகால் புரியவில்லை. நண்பனின் தாய், அதுவும் தமிழில், தன் படையை விசாரிக்கிறார்!

“இருக்கு ஆச்சி! எனக்கு மூணு படை இருக்கு. ஜெலாப்பாங்ல எல்லாருக்கும் நாந்தான் தொத்த வச்சேன்.”

“கூசலையாடா ஒனக்கு?”

“ஏன் கூசணும்? ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஒண்ணாக் கூடுவோம். யாரு படை பெருசுன்னு பாப்போம். நீங்களும் வாங்களேன் ஆச்சி, ஒங்களுக்கும் ஒண்ணு ஆரம்பிச்சுக் குடுக்குறேன்.”

ஆச்சி போனை வைத்துவிட்டு அதையும் மஞ்சள் தண்ணீர் தொட்டுத் துடைத்தார்.

இனி தைக்குள் குணமாகாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கல்யாணத்தைத் தள்ளிப்போடக் கேட்கலாம் என்று ஆயர் தாவாருக்குப் பேசினார். கவிநயாவின் தாய் நித்யகல்யாணி ஆச்சி ஏன், எதற்கு என்று துருவித் துருவிக் கேட்க, நாலாவது கேள்வியில் சாலா ஆச்சி உடைந்து அழுதுவிட்டார்.

“என் புள்ளைக்குப் படை ஆச்சி! ஒங்க பொண்ண ஏமாத்த எனக்கு மனசு வரல. வேணாம்னா இப்பவே சொல்லிருங்க.”

அறைக்குள் இருந்த சேவுகன் காதில் அது விழுந்தது. எல்லாம் முடிந்தது. மறுமுனையில் நித்யகல்யாணி ஆச்சி, “இதுக்கா அழுவுறீக?” என்று கேட்டார். “மனுசருக்கு வராததா வந்திருச்சு? ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வாரோம். நேர்ல பேசிக்கலாம்.”

சொன்னபடியே ஒரு கூடை மாம்பழத்தோடு வந்தார்கள். ஆச்சியும் மகளும் முன்னால், யாரிடமும் பேசிப் பழக்கமில்லாத சிதம்பரம் செட்டியார் பின்னால். நித்யகல்யாணி ஆச்சி சேவுகனின் கையைக் கூசாமல் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதெல்லாம் ஒரு படையா ஆச்சி? இதுக்குப் போயிக் கல்யாணத்தத் தள்ளுவாகளா? என்னயக் கேட்டா, ஆவணியிலயே முடிச்சிரலாம்னு சொல்லுவேன்.”

சாலா ஆச்சி சம்பந்தியம்மாளின் இரு கைகளையும் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “தங்கமான மனசு! இந்தக் காலத்துல யாரு இப்படி இருப்பா?”

கவிநயாவிடம் தனியாகப் பேச சேவுகனுக்குக் கொஞ்ச நேரம் கிடைத்தது.

“ஒங்களுக்கு நெஜமாவே பரவால்லியா?”

“தோலுதானே,” என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது. “அத வச்சு ஒருத்தர வேணாம்னு சொல்றது பாவம். நீங்களா இருந்தாலும் சொல்ல மாட்டீங்கதானே?”

“சத்தியமா மாட்டேன்.”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தாங்க சேவுகனால் முடியவில்லை. இல்லாத நோயை ஏற்றுக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள். அவளிடம் ஒரு பொம்மையை மறைக்கிற தான் என்ன மனிதன் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. போனால் போகட்டும், சொல்லிவிடுவது என்று எழுந்தான்.

குளியலறையிலிருந்து தட்டோடு திரும்பி வந்து, மாம்பழக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தான். தட்டு முழுக்கப் பச்சைப் பல்லிகள் ஈட்டியோடு நின்றன.

“இதுதான் என் படை,” என்றான். “எனக்கு நோயி இல்ல. இது விளையாட்டு. ஆத்தா தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க, நானும் பயந்துபோயி அப்படியே விட்டுட்டேன். கையில இருக்கறது ஆத்தா அரைச்ச இலையால வந்தது. ஒடம்புல வேற எங்கயும் ஒரு புள்ளி கெடையாது.”

சாலா ஆச்சி எழுந்து வந்தார். சத்தியத்தை மீறியவனின் காதைத் திருகினார். திருகிய கையோடு அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். “பொம்மையா! வெறும் பொம்மையாடா! என் ராசா!” வருடம் முழுக்கப் பொம்மையைத் திட்டிய அதே ஆச்சி, ஒரு பல்லியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பச்சை இமையில் ஒட்டிக்கொண்டது.

நித்யகல்யாணி ஆச்சியின் முகம் தொங்கிப்போயிருந்தது. கவிநயா தலையைக் குனிந்துகொண்டு துப்பட்டாவை இழுத்து இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டாள். சேவுகன் பயந்தது நடந்துவிட்டது. நோயாளியை ஏற்றுக்கொண்டவர்கள் பொம்மைக்காரனை ஏற்றுக்கொள்ளவில்லை.

“மன்னிச்சிருங்க,” என்றான். “பொம்மை வச்சு விளையாடுற மாப்பிள்ளை வேணாம்னு நெனச்சா, எனக்கு வருத்தம்தான். ஆனா கோவம் இல்ல. சொல்லிருங்க.”

வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாத சிதம்பரம் செட்டியார் பல்லிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினார்.

“அப்ப, படை நம்ம பொண்ணுக்கு மட்டுந்தானா?”