ஊமைக் குழல்

"கன்னத்தை உப்புடா! காத்தை மட்டும் விடாதே!" என்று கத்தினான் ஞானமுத்து.

"காத்து இல்லாம கன்னம் எப்படிண்ணே உப்பும்?" என்றான் கோவிந்தசாமி.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதில் சொல்ல நேரமில்லை. சாயங்காலம் வாலாஜாபேட்டையில் கல்யாண ஊர்வலம்.

ராணிப்பேட்டை ஞானமுத்து பேண்டு செட்டில் ஊதவும் அடிக்கவும் தெரிந்தவர்கள் ஏழே பேர். தோல் பதனிடும் ஷாப்பு முதலாளி சுப்பராயன் தம் மகள் கல்யாணத்துக்குக் கேட்டதோ பன்னிரண்டு பேர். லண்டனுக்குத் தோல் வாங்கும் துரை வருகிறாராம். "ஏழு பேர் வந்து நின்னா சாவு வீடு மாதிரி இருக்கும்" என்று ஷாப்பு மேஸ்திரி இருதயராஜிடம் சொல்லி அனுப்பிவிட்டார் மகராசன்.

ஆகவே ஷாப்பிலிருந்தே ஐந்து கூலிக்காரர்களைப் பிடித்து, சிவப்புக் கோட்டு மாட்டி, ஆளுக்கொரு ஊமைக் குழல் கொடுத்து நிறுத்துவதென்று ஏற்பாடு. கோவிந்தசாமிக்குக் கிடைத்தது சீவாளி கழற்றிய, ஊதினாலும் சத்தம் வராத பழைய கிளாரினெட். முதலாளி கண்டுபிடித்துவிடுவாரே என்ற பயம் ஞானமுத்துவுக்கு இல்லை. கூலிக்காரன் முகத்தை அவர் எந்தக் காலத்தில் பார்த்தார்?

ஞானமுத்துவும் அதே ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டுகிறவன்தான்; அவன் புரட்டினால் ஒரு தோல் கெடாது. இந்தக் கல்யாணம் ஜோராக நடந்தால் ஷாப்புக்கென்றே ஒரு பேண்டு வைக்கப்போவதாக முதலாளி சொல்லியிருந்தார். அதில் சேர்கிறவன் மாதச் சம்பளக்காரன். குழிப்பக்கம் தலைகாட்டவே வேண்டாம். சுண்ணாம்பு தின்று வெடித்த விரல்கள் இப்போதே கிளாரினெட்டின் ஓட்டையை ஒழுங்காக மூட மறுத்தன. இன்னும் கொஞ்ச காலம் போனால் ஊதுவதற்கு விரலே இருக்காது. அந்த விரல்களுக்குத் தினமும் விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டு அழுகிற அவன் மனைவி தேவகிருபை, முதலாளியின் வாக்கைக் கேட்டதும், அவன் குழியில் இறங்கும்போது காலில் சுற்றும் கோணியை அடுப்பில் போட்டு வெந்நீர் வைத்துவிட்டாள்.

"இன்னாடி பண்ணே?"

"இனிமே உனக்கு எதுக்கு அது?" என்று சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாயிற்று.

ஊர்வலம் கிளம்பியது. மற்ற நான்கு ஊமைகளும் சொன்னபடி மரமாய் நடந்தார்கள். கோவிந்தசாமி அப்படி இல்லை. கண்ணை மூடினான், ஆடினான், குழலை வானத்துக்குத் தூக்கினான், ஒரு காலை மடக்கிச் சுழன்றான். சனம் அவனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் உயிரைக் கொடுத்து ஊதிக்கொண்டிருந்த ஞானமுத்துவைப் பார்த்து, "யோவ், மறைக்காதே, தள்ளு" என்றார்கள்.

பந்தலுக்கு வந்ததும் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஆதிகேசவன் ஓடிவந்தார். மதராஸ்காரர். சங்கீதம் தெரிந்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"அந்த ஆளு இன்னாமா ஊதறாருப்பா! உட்காரவச்சு தனியா ஊதச் சொல்லு. துரை கேக்கட்டும்."

ஞானமுத்து குறுக்கே வந்தான். "அவனுக்குப் பல்வலிங்க."

"அவ்வளவுதானே?" என்றவர் லவங்கத் தைலம் வரவழைத்து, தம் கையாலேயே கோவிந்தசாமியின் வாயில் தாராளமாகத் தடவினார். நல்ல பல்லும் நல்ல ஈறும் பற்றி எரிந்தன. கோவிந்தசாமியின் கண்ணில் தாரை தாரையாய்த் தண்ணீர்.

"பாருய்யா, ஊத முடியலையேன்னு அழறாரு! இவரல்லவா வித்வான்!" என்றார் ஆதிகேசவன். இனி அவரை எமன் வந்தாலும் நிறுத்த முடியாது.

வேறு வழியில்லை. கோவிந்தசாமியைப் பந்தல் ஓரத்து மூங்கில் தட்டிக்கு முன்னால் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஞானமுத்து ஓசைப்படாமல் தட்டிக்குப் பின்னால் போய் நின்றான். அங்கே எச்சில் இலைக் குவியல், இரண்டு நாய், சமையல் புகை. அந்த நாற்றத்தில் நின்றுகொண்டு அவன் ஊதினான். குழியை விட்டு ஏறிவிடலாம் என்ற ஒரே நினைப்பில், ஆயுளில் ஊதாத ஊத்து ஊதினான். பந்தலில் பேச்சு அடங்கியது. துரைகூடச் சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

பாழாய்ப்போன புகை தொண்டையில் ஏறியது. ஞானமுத்து இருமினான். சுண்ணாம்புக் குழிக்காரன் இருமல் ஒன்றோடு நிற்குமா? கோவிந்தசாமி சமயோசிதக்காரன், குழலை இறக்கித் தானும் இருமினான். என்ன, பின்னால் இருமல் ஓய்ந்த பிறகுதான் முன்னால் ஆரம்பித்தது.

"தைலம் காரம்!" என்று ஆதிகேசவன் எல்லாருக்கும் விளக்கினார்.

வாசித்து முடித்ததும் கைதட்டல் தெருக்கோடி வரை கேட்டது. சுப்பராயன் எழுந்து வந்து கோவிந்தசாமிக்குச் சரிகைத் துண்டு போர்த்தினார். "இன்னைலேர்ந்து நம்ம ஷாப்பு பேண்டு மாஸ்டர் இவர்தான்!"

தட்டிக்குப் பின்னால் ஞானமுத்து அதைக் கேட்டான். கூட்டம் சாப்பாட்டுக்குக் கலைந்ததும் கோவிந்தசாமி துண்டோடு ஓடிவந்தான்.

"வேணாம்னு சொல்லத்தாண்ணே பார்த்தேன். வாய் எரியுது, பேச்சே வரல."

"நாசமாப் போ!" என்று அவனைத் தள்ளிவிட்டு மேஸ்திரி இருதயராஜிடம் போனான் ஞானமுத்து.

"மேஸ்திரி, ஊதினது நானு. அவனுக்கு ஒரு எழவும் தெரியாது. நான் பண்ணது பித்தலாட்டம்தான், மொதலாளி கால்ல விழுந்து ஒத்துக்கறேன். எனக்குக் குழி மட்டும் வேணாம் மேஸ்திரி, விரல் போயிடும்."

இருதயராஜ் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"மொதலாளிக்குத் தெரியும்பா. உன் இருமலை அவரு தினம் கேக்கறாரே?"

"தெரிஞ்சுமா அவனை மாஸ்டராப் போட்டாரு?"

"பின்ன? உன்னைப் போட்டா, குழியில தோல் கெடாம பார்க்க யார் இருக்கா? அவன் குழிக்கும் ஆவாதவன், நிக்க வச்சா நஷ்டமில்ல. நீ விசேஷத்துக்கு விசேஷம் தட்டிக்குப் பின்னாடி வந்து ஊதிட்டு, விடிஞ்சதும் குழியில எறங்கிடு."