தண்ணீருக்குள் உயர்ந்த வளை

நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்து பொய்யாக இருந்தாலும் என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பற்களும் இந்த நிமிஷமே உதிரட்டும். சத்தியம். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை.

ஒரு காட்டில் ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. மழை பெய்தால் அது நிறையும். பள்ளம் என்றால் பிறகு எதற்கு இருக்கிறது? ஆனால் அந்தக் காட்டை ஆண்ட சிங்கம் இளகிய மனசுக்காரர். மலைமேல் இருநூறு குடும்பம் தங்குகிற குகை ஒன்றைத் திறந்து வைத்து, "ஐம்பது மீட்டர் உயரத்துக்குக் கீழே வீடு உள்ளவர்கள் வெள்ளக் காலத்தில் இங்கே வந்து தங்கலாம். முத்திரை வைத்த சீட்டு மட்டும் கொண்டுவர வேண்டும்" என்று அறிவித்தார்.

சீட்டு கொடுக்கும் அதிகாரி ஏகாம்பரம், ஒரு புனுகுப்பூனை. உடம்பிலேயே வாசனை இருந்ததால் அலுவலகத்தில் அவருக்கு நல்ல பெயர். அவர் கையில் ஒரு போன். அதை வீட்டு வாசலில் வைத்து உயரம் பார்ப்பார். மூன்று நாள் மூன்று தடவை பார்க்க வேண்டும், மூன்றாவது நாள் வருகிற எண்தான் செல்லும். அதுதான் விதி.

சீட்டுக்காக நின்றவர்களில் பொற்கொடி என்ற பெருச்சாளியும் இருந்தாள். பெருச்சாளி என்றதும் நீங்கள் வேறு யாரையோ நினைத்துக்கொள்கிறீர்கள். இவள் அசல் பெருச்சாளி, வரிசையில் நிற்கிற ஜாதி. ஏரிக்கரை ஓரம் ஒரு வளை, அதற்குள் ஏழு பிள்ளைகள். ஒன்றுக்கும் நீந்தத் தெரியாது.

முதல் நாள் அவள் வாசலில் போன் நாற்பது மீட்டர் என்றது.

"தரையில வச்ச போனுக்கு உயரம் எப்படி சார் தெரியும்?" என்று கேட்டாள் பொற்கொடி.

ஏகாம்பரத்துக்கு விளக்கம் சொல்வது என்றால் பிரியம். "உள்ள கடுகுல பாதி அளவுக்கு ஒரு டப்பா இருக்கும்மா. டப்பாவுக்கு மேல தோல் மாதிரி மெல்லிசா ஒரு மூடி. காத்து அமுக்குனா மூடி குழியும். மேல ஏற ஏற நம்ம தலைக்கு மேல காத்து கம்மி, அமுக்கமும் கம்மி, அதனால மூடி நிமிரும். நிமிர்ந்த அளவை வச்சு, இத்தனை மீட்டர் ஏறிட்டோம்னு போன் சொல்லிடும்."

"அப்போ அதுக்குக் கண்ணு கிடையாதா?"

"கேமரா இருக்கு. அது வேற பிரிவு."

இரண்டாம் நாள் வானம் கறுத்துக் கிடந்தது. ஏரி கரையைத் தொட்டது. ஏகாம்பரம் அதே வாசலில், அதே கல்லின்மேல் போனை வைத்தார். எழுபத்தெட்டு.

"நேத்து நாப்பதுதானே சார்?"

"முன்னேறியிருக்கே. சந்தோஷப்படு."

பொற்கொடி பக்கத்து வீட்டுத் தவளை குப்பாயியிடம் போய் அழுதாள். குப்பாயிக்குக் குகையும் வேண்டாம், சீட்டும் வேண்டாம். அவள் தண்ணீர்க்காரி.

"அட, இதுக்கா அழுவுற? புயல் வருதுடி. புயல் கிட்ட வந்தா காத்தோட அமுக்கம் கொறஞ்சு போவும். என் தோலுக்கே தெரியுது, அந்த டப்பாத் தோலுக்குத் தெரியாதா? அமுக்கம் கொறஞ்சதும் மலை ஏறிட்டதா அது நெனச்சுக்குது."

"அப்போ வெள்ளம் நெருங்க நெருங்க நான் உயரத்துல இருக்கேனாக்கா?"

"ஆபீஸ்ல அப்படித்தான்."

அன்று முழுக்க பொற்கொடி யோசித்தாள். அமுக்கம் குறைந்தால் மலை. அப்படியானால் அமுக்கம் கூடினால்?

மூன்றாம் நாள் பட்டியலில் அவள் பெயர் கடைசி. மற்ற எல்லோருக்கும் நூறுக்கு மேல் எழுதி முடித்துவிட்டு ஏகாம்பரம் வந்தபோது, காற்று மரங்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் வளைக்குள் நுழைந்துவிட்டது. பிள்ளைகள் வாசல் கல்லில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றன. போன் காட்டியது நூற்று முப்பத்தைந்து.

"நீ எல்லாம் இப்போ மலைவாசி. சீட்டு கிடையாது."

"சார், நீங்க முழங்கால் தண்ணியில நிக்கிறீங்க."

"மலையில தண்ணி இருக்கக் கூடாதா? சுனைன்னு கேள்விப்பட்டதில்லையா நீ?"

அவர் எழுதுகோலை எடுத்தார். மழை கொட்டத் தொடங்கியது. பொற்கொடி வளையின் கூரையில் செருகியிருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். சுற்றுலா வந்த மனிதர்கள் வீசிவிட்டுப் போனது, கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும்.

"எழுதறது இருக்கட்டும், போன் நனையுது பாருங்க. கவருக்குள்ள வச்சு இன்னொரு தடவை பாத்துட்டு எழுதுங்க சார். பின்னால யாரும் உங்களைக் கேள்வி கேக்கக் கூடாதுல்ல?"

ஏகாம்பரத்துக்கு அவளுடைய பொறுப்புணர்ச்சி பிடித்துப்போயிற்று. போனைக் கொடுத்தார். அவள் அதைக் கவருக்குள் போட்டு, தலையணை மாதிரி உப்பும்வரை ஊதி, வாயைக் கொடியால் இறுக்கிக் கட்டிக் கல்லின்மேல் வைத்தாள்.

"காத்துல பறந்துடும். கனத்துக்குப் பிள்ளைங்களை மேல உக்கார வைக்கறேன்."

"பத்திரம். அரசாங்கச் சொத்து."

முதல் பிள்ளை ஏறியது. கவருக்குள் காற்று அமுங்கியது, டப்பாவின் மூடி குழிந்தது, போன் மலையிலிருந்து இறங்க ஆரம்பித்தது. நூற்றுப் பதின்மூன்று. இரண்டாவது ஏறியது, தொண்ணூற்றொன்று. பிள்ளைக்கு இருபத்திரண்டு மீட்டர் வீதம், என் பல் மேல் ஆணை. பதற்றத்தில் ஏழும் ஏறிவிட்டன. ஏகாம்பரம் பிள்ளைகளைப் பார்க்கவில்லை, எண்ணைத்தான் பார்த்தார். அவர் வேலை அது.

"மைனஸ் பத்தொன்பது," என்றார். "கடல் மட்டத்துக்கும் கீழ. அப்போ நீ மீன்வளப் பிரிவு. மீனுக்கு வெள்ள நிவாரணம் கிடையாதும்மா."

பொற்கொடி அவசரமாகப் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "சின்னதுங்க மூணும் இறங்குங்கடா, அம்மா மடிக்கு வாங்க." இறங்கின. மற்ற நான்கையும் அசையாதீர்கள் என்று கண்ணாலேயே மிரட்டினாள்.

நாற்பத்தேழு.

ஏகாம்பரம் முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

அன்று பொற்கொடி ஏழு பிள்ளைகளோடு மலையேறிக் குகைக்குப் போனபோது, இருநூறு குடும்பத்துக்கான இடத்தில் ஒருவரும் இல்லை. காவல் கரடி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "வேற யாரும் வரலையே, வெள்ளம் இல்லையோ?" என்று கேட்டது. மற்றவர்கள் எல்லாம் கீழே மரக்கிளைகளைக் கட்டிக்கொண்டு, தாங்கள் மலையில் இருப்பதாக எழுதிய தாளை வாயில் கவ்விக்கொண்டு தொங்கினார்கள்.

தண்ணீர் வடிந்ததும் அரசவையில் அறிக்கை வாசிக்கப்பட்டது. மூன்றே நாளில் பள்ளத்தாக்கு சுமார் நூறு மீட்டர் உயர்ந்திருக்கிறது. வெள்ளத்துக்குப் பயந்து குகைக்கு வந்தது ஒரே ஒரு குடும்பம். சிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஏகாம்பரத்துக்குப் பதவி உயர்வு. பள்ளத்தாக்குக்கு மலை என்று புதுப் பெயர்.

பிறகு அந்த ஒரு குடும்பத்தைக் கூப்பிட்டு விட்டார்கள்.

"நாடே நூறு மீட்டர் உயர்ந்திருக்கிறது," என்றார் சிங்கம். "நீ நாற்பதிலிருந்து நாற்பத்தேழுதான் வந்திருக்கிறாய். ஏன் உன்னால் முடியவில்லை?"

"பிள்ளைங்க பாரம், மகாராஜா," என்றாள் பொற்கொடி.

சிங்கம் பரிவோடு தலையாட்டினார்.

நீதி: வெள்ளம் வந்தால் உயரமான இடத்துக்கு ஓடாதே, அளக்க வருகிறவரின் போன் மேல் நான்கு பிள்ளைகளை உட்கார வை. பிள்ளை இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது நான் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். அடுத்த வாரம் எங்கள் தெருவை அளக்க ஏகாம்பரம்தான் வருகிறார்.