கள்ளிப்பெட்டி அண்ணாச்சியின் அடிப்பலகை

ஐம்பதுகளில் தென்காசியில் ஆணி விற்ற கடைக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே ஒரு மனிதரைத்தான் சபித்தார்கள். அவர் எங்கள் லாரி பார்சல் ஆபீஸ் குடோனைப் பார்த்துக்கொண்ட கள்ளிப்பெட்டி அண்ணாச்சி. வாழ்நாளில் அவர் ஒரு புது ஆணி வாங்கியதில்லை. வளைந்த ஆணியைக் கல்லில் வைத்து, குழந்தைக்குக் காது குத்துகிற பக்குவத்தில் தட்டி நிமிர்த்துவார்.

மூட்டைகள் தரையில் படாமலிருக்க, கட்டைகளின் மேல் பலகை அடித்த அடிப்பலகைகள் குடோனில் ஐம்பது அறுபது கிடக்கும். லாரிக்காரர்கள் மூட்டையைத் தொப்பென்று போடுவார்கள், பலகை ஒடியும். அண்ணாச்சி, சரக்கு வந்து இறங்கிய மரப்பெட்டிகளில், அதாவது கள்ளிப்பெட்டிகளில், உடைந்த ஒன்றைப் பிரித்து, அந்த இடத்தில் ஒட்டுப்போட்டுவிடுவார். ஆபீசில் என் மேஜையும் அப்படிப் பிறந்ததுதான். அதன் நெற்றியில் 'இந்தப் பக்கம் மேலே' என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும், தலைகீழாக.

தலைமை ஆபீஸ் மேனேஜர் வருஷா வருஷம் சோதனைக்கு வருவார். கடமை உணர்ச்சி அவருக்குச் சரியாகக் குற்றாலச் சாரல் சமயத்தில்தான் பொங்கும். ஒரு வருஷம் அப்படி வந்தவர் குடோனை ஒரு சுற்று பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார்.

"என்னய்யா இது, விறகுக் கடையா? உடைஞ்சதெல்லாம் நாளைக்கே அடுப்புக்குப் போகணும். புதுசு வரும்."

"ஒரு பலகை ஒடிஞ்சதுக்காவ மிச்ச எட்டையுமாய்யா எரிக்கச் சொல்லுதிய? ஒரு பல்லு போச்சுன்னா ஆளையே சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போவமா?" என்றார் அண்ணாச்சி.

மேனேஜருக்கு முன்பல் இரண்டு கிடையாது. "பலகையோட நீயும் நாளையிலேருந்து வேண்டாம்!" என்று கத்திவிட்டு, குற்றாலத்துக்குக் கார் ஏறினார். துண்டு பிடிக்க நானும் போனேன். அண்ணாச்சியின் இருபது வருஷ வேலை ஒரு பல்லில் போயிற்றே!

லாட்ஜில் எண்ணெய் தேய்க்கிறவர் மேனேஜரை ஒரு பெஞ்சில் குப்புறப் போட்டு முதுகில் எண்ணெயை ஊற்றினார். பிறகு மல்லாக்கப் புரட்டி அரைமணி நேரம் பிசைந்தார். அப்புறம் ஐயா ஒருமணி நேரம் அருவிக்கு முதுகைக் கொடுத்து நின்றார். ஜனம் குளிப்பதை விட்டுவிட்டு அவர் முதுகையே பார்த்தது.

"ஏலே, என்னமோ எழுதியிருக்குலே!"

"மலையாளம்லா அது. ஐயா செங்கோட்டைக்கு அங்கிட்டு போலுக்கு."

அறைக்குத் திரும்பி, ஆளுயரக் கண்ணாடியில் திரும்பிப் பார்த்தபோதுதான் இடம் வலம் மாறி இருந்த எழுத்து நேரானது. 'ஈரம் படாமல் வைக்கவும்.' சுத்தமான இங்கிலீஷ். பெஞ்சு, அண்ணாச்சி கள்ளிப்பெட்டிப் பலகையில் லாட்ஜுக்கு அடித்துக் கொடுத்தது என்று எண்ணெய் தேய்த்தவரே சொல்லிவிட்டார். பெட்டியின் மை எண்ணெயில் இளகி முதுகுக்கு வந்துவிட்டது.

"நாளைக்கு என்ன நாளைக்கு, இன்னைக்கே அவனை அனுப்புறேன்!" என்று மேனேஜர் தென்காசிக்குக் காரைத் திருப்பினார்.

அவரைவிட வேகமாக மழை தென்காசிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. குடோனுக்குள் கணுக்கால் தண்ணீர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணாச்சி நடுவில் நின்றார். சுற்றிலும் அவருடைய ஒட்டுப்பலகைகள்; அவற்றின்மேல் துணிப் பொதிகளும் தேயிலைப் பெட்டிகளும். மேனேஜர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"ஒண்ணுலயும் ஈரம் படலையே, எப்படிய்யா?"

"அதான் பலகையிலயே எழுதியிருக்குல்லாய்யா."

மேனேஜர் தம் முதுகைத் தொட்டுக்கொண்டார். அண்ணாச்சி வேலையிலிருந்தார்; பலகைகளும் இருந்தன. மற்றக் கிளைகளிலிருந்தும் உடைசல் லாரி லாரியாக அவரிடம் வர ஆரம்பித்தது.

அறுபதுகளில் அவர் ஓய்வுபெற்றபோது ஒரு புது நாற்காலி வரவழைத்துப் பரிசளித்தோம். அது வந்த கள்ளிப்பெட்டியை மட்டும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"நாற்காலி இங்கன கிடக்கட்டும் தம்பி. ஒடைஞ்சா சொல்லி விடுங்க, வாறேன்."

நல்ல தேக்கு. ஒடிவதாக இல்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன். அதற்கு மேல் முடியாமல், நானே அதன் காலை உடைத்துவிட்டு அவருக்கு ஆளனுப்பினேன்.