ஆட்டுத் தராசில் அத்தான்

எடையைப் பற்றிப் பொய் சொல்வது பெண்களின் பழக்கம் என்று கதை பரப்பியவர்கள் ஆண்களாகத்தான் இருக்க வேண்டும். நானே பதின்மூன்று கிலோவை ஒரே மூச்சில் மறைத்தவன்.

மறைத்தது தர்சினியிடம். என் மனைவியின் தங்கை. ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்த பொறியியலாளர். விடுமுறை நாட்களில் மைக்ரோலைட் ஓட்டுவாள். இரண்டு பேர் தோள் இடிபட இருக்கக்கூடிய குட்டி விமானம் அது. (இறக்கை முளைத்த ஓட்டோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

"அத்தான், சனிக்கிழமை ஒரு தீவுக்குப் பறந்துபோட்டுப் பின்னேரம் வருவம். உங்கட வெக்ட் எவ்வளவு?"

வெக்ட் என்றால் எடை. அவளுடைய தமிழில் பெயர்ச்சொற்கள் பாதி நோர்வேக்காரருடையவை.

"எழுபத்தெட்டு," என்றேன்.

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினால் எங்கள் குளியலறைத் தராசு அப்படித்தான் காட்டும். கையை விட்டால் தொண்ணூற்றொன்று.

என் மனைவி முகத்தைத் திருப்பாமலே கேட்டாள். "சரியாத்தான் சொன்னனீங்களோ?"

"ஓம், ஓம்."

சாப்பாட்டுப் பை மூன்று கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று தர்சினி சொல்லியிருந்தாள். அதனால் பையில் அடங்காத மீன் ரோல்ஸ் எல்லாம் என் ஜாக்கெட்டின் பைகளுக்குள் போயின.

போகும்போது பயணம் சொர்க்கம். கீழே கடல், பாய்மரப் படகுகள், பொட்டுப் பொட்டாய்த் தீவுகள். எங்கள் தீவில் ஆடு மேயும் புல்வெளிதான் ஓடுபாதை. இறங்கி, ரோல்ஸ் அத்தனையையும் நானே தின்று தீர்த்தேன். (தின்றுவிட்டால் சுமை குறையும் என்று அப்போது உண்மையிலேயே நம்பினேன்.)

மதியம் ஒரு மழை பெய்து ஓய்ந்தது. திரும்பப் புறப்பட்டோம். விமானம் ஈரப் புல்லில் ஓடியது. ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. சக்கரம் நிலத்தை விடவில்லை. முன்னால் பாறை, அதற்கப்பால் கடல். தர்சினி இயந்திரத்தை அடக்கி பிரேக் பிடித்தாள். பாறைக்கு ஒரு பஸ் நீளம் இருக்கும்போது நின்றோம்.

அவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அத்தான், எழுபத்தெட்டோ?"

"எழுபத்தெட்டு மாதிரித்தான்..."

"மாதிரி எண்டா என்ன? நான் கணக்குப் பாத்தெல்லோ பறக்கிறனான்!"

சத்தம் கேட்டு ஆட்டுக்காரக் கிழவி ஓடி வந்தாள். தர்சினி நோர்வேஜிய மொழியில் விளக்கினாள். கிழவி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னிடம் தராசு இருக்கிறது," என்றாள்.

இருந்தது. ஆடு நிறுக்கும் தராசு. நான்கு பக்கமும் கம்பி போட்ட கூண்டு. கதவைச் சாத்தினால்தான் எண் காட்டுமாம். சாத்தினாள். நான் நெளிந்தேன். "அசையாமல் நில்லு," என்று தன் ஆடுகளிடம் சொல்லும் அதே குரலில் அதட்டினாள். சைக்கிளில் வந்த ஒரு வயதான தம்பதி இறங்கி நின்று மரியாதையோடு பார்த்தார்கள்.

தொண்ணூற்று நான்கரை. ஜாக்கெட், சப்பாத்து, ரோல்ஸ் உட்பட.

கிழவி பாராட்டாகத் தலையசைத்தாள். அவளுடைய பெரிய கிடாய் கூட அவ்வளவு இல்லையாம்.

"சொறி அத்தான், நீங்கள் பெரிக் கப்பலில போங்கோ," என்றாள் தர்சினி. கோபம் வந்தாலும் அவளுக்கு என்னிடம் மரியாதை குறையாது. பிறகு தனியாக ஏறி, பஞ்சு போல எழும்பிப் போனாள்.

நான் பெரிக் கப்பல், பஸ், ரயில் என்று மாறி மாறி ஒஸ்லோவின் அம்மருட்டில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர ஆறு மணித்தியாலம். கூண்டுக்குள் நான் நிற்பதைத் தர்சினி எடுத்த படம் எனக்கு முன்பே வந்து, ஸ்தவாங்கரில் இருக்கும் சித்தப்பா வரை போயிருந்தது.

அன்றிரவே தர்சினியிடம் மன்னிப்புக் கேட்டேன். "செத்திருப்பம் அத்தான்," என்றாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் அழைப்பைத் துண்டித்தாள்.

அதோடு எங்கள் வீட்டில் என் வாய்ச்சொல்லுக்கு மதிப்புப் போய்விட்டது. போன கிழமை மகள் முதல்முறையாகப் பருப்புக்கறி வைத்தாள்.

"நல்லாயிருக்கு," என்றேன்.

"சும்மா சொல்லுறியளோ அப்பா, ஆட்டுத் தராசிலயோ?"

மேசையில் எல்லோரும் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"உப்புக் கூடிப்போச்சு பிள்ளை," என்றேன்.