காலியாக விட்ட கடைசிப் பத்தி

சங்கைக்குரிய தந்தையும் என் உடன்பிறந்த தம்பியுமான தங்களுக்கு,

மூன்று வாரங்களுக்கு முன்பு, ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து, பகல் பதினொன்று நாற்பதுக்கு, ஏழுக்கு நான்கு என்ற வாக்குக் கணக்கில், கோடுகள் நீல மையிலேயே போடப்படும் என்று நம் பங்குப் பேரவை தீர்மானித்துவிட்டது என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். நானும் உங்கள் அண்ணியும் இறையருளால் நலம். என் இரத்த அழுத்தம் மட்டும் நலமாக இல்லை; காரணம் கீழே வருகிறது. நீங்கள் குருப்பட்டம் வாங்கிய அன்று, இனி வீட்டில் யாரும் உங்களை 'நீ' என்று கூப்பிடக் கூடாது என்று அம்மா உத்தரவு போட்டதை நான் மறக்கவில்லை. அந்த உத்தரவை இந்தப் பாரா முடியும்வரை காப்பாற்றுகிறேன். அடுத்த பாராவில் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளவும்.

கோடுகள் எதற்கு என்று நீ கேட்பாய். தேர்தல் வருகிறதல்லவா. பூசை முடிந்ததும் ஆளாளுக்குப் பங்குத்தந்தையைச் சூழ்ந்துகொண்டு யாருக்கு ஓட்டுப் போடுவது என்று கேட்க, அவர் பேரவையைக் கூட்டி, "நான் யாருக்குன்னு சொல்ல மாட்டேன். திருச்சபை என்ன சொல்லுது, கட்சிங்க என்ன சொல்லுது, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. மிச்சத்தை மனசாட்சி பார்த்துக்கும்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். பக்கத்தில் பக்கத்தில் வைப்பது என்றால் அட்டவணை. அட்டவணை என்றால் நான். பேருந்துக் கழகத்தின் கால அட்டவணைப் பிரிவில் முப்பத்தெட்டு வருஷம் உட்கார்ந்தவனை விட்டு வேறு யாரிடம் கொடுப்பார்கள்? போதாததற்குப் பேரவைச் செயலாளரும் நானே. உடனே மூன்று விதிகள் எழுதிக் கொடுத்தேன். ஒன்று, ஒரு போதனைக்கு ஒரு வரி. இரண்டு, கட்சியின் நிலை ஒத்துப்போனால் சரி, போகாவிட்டால் தப்பு, வாயே திறக்காவிட்டால் கோடு. மூன்று, மேடைப் பேச்சைக் கணக்கில் எடுக்கக் கூடாது. எழுத்தில் நிறைவேறிய தீர்மானத்தை மட்டுமே எடுக்க வேண்டும். பேருந்து ஏழு மணிக்குக் கிளம்பும் என்று மேலாளர் வாயால் சொன்னதை நான் ஒருநாளும் அட்டவணையில் ஏற்றியதில்லை. உத்தரவு கைக்கு வந்த பிறகே ஏற்றினேன். இந்த மூன்றாவது விதியை எல்லோரும் கைதட்டி வரவேற்றார்கள். அந்தக் கைதட்டலை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

மை விஷயத்துக்கு நாற்பது நிமிஷம் ஆயிற்று. கறுப்பு, வாளியைச் சின்னமாகக் கொண்ட வாளிக் கட்சியின் கொடி நிறமாம், சிவப்பு சீப்புக் கட்சியுடையதாம், பச்சை நாற்காலிக் கட்சியுடையதாம். மிஞ்சியது நீலம். அது மாதாவின் மேலாடை நிறம், அதைக் கொண்டு கட்சிகளுக்கு நடுவே வேலி போடுவது மரியாதையல்ல என்று மாதா சபைத் தலைவி எழுந்துவிட்டார். நீலத்திலும் எழுதும் நீலம் வேறு என்று கடையிலிருந்து பேனாவை வாங்கிவந்து காட்டிய பிறகே வாக்கெடுப்பு நடந்தது. இரண்டாவது பொருள், பூசைப் பொருட்கள் வைக்கும் சக்கிறீஸ்துக்குப் பின்னால், மணியடித்துக் கோயிலைக் கவனிக்கும் கோயிற்பிள்ளை குடியிருக்கும் அறையை இடித்துவிட்டுக் கார் நிறுத்த இடம் செய்வது. அவரும் மனைவியும் இரண்டு பெண்களும் மாதக் கடைசிக்குள் காலி செய்வது. இது இரண்டு நிமிஷத்தில் எதிர்ப்பின்றி நிறைவேறியது. முன்மொழிந்தவன் நான். என் கார் தெருவில் மரத்தடியில் நிற்பதும், அதன் மேல் காக்கைகள் செய்யும் காரியமும் உனக்குத் தெரியும். கோயிற்பிள்ளை அப்போது எங்களுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார். அதனால் அவருக்குத் தனியாக அறிவிக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

சரி, அட்டவணைக்கு வருகிறேன். ஏழு வரிகளில் முடிய வேண்டிய வேலை, தம்பி. முதல் வரி, மனித உயிர் புனிதமானது. வாளிக் கட்சி கருவிலிருக்கும் குழந்தையைக் கொல்லக் கூடாது என்கிறது, ஆனால் தூக்குத் தண்டனை வேண்டும் என்கிறது. சீப்புக் கட்சி தூக்கு வேண்டாம் என்கிறது, கருவைப் பற்றி அது அவரவர் பாடு என்கிறது. நாற்காலிக் கட்சி இரண்டையும் ஆராயக் குழு அமைத்திருக்கிறது. திருச்சபைக்கோ இரண்டும் ஒரே உயிர்தான். அப்படியானால் இருவருக்கும் தப்பு என்று எழுதப் போனேன். வாளிக் கட்சிக்காரரான மருந்துக்கடைக்காரர் பேனாவைப் பிடித்துக்கொண்டார். உயிரை இரண்டு வரியாகப் பிரித்தால் தன் கட்சிக்கு ஒரு சரியாவது கிடைக்குமே என்பது அவர் வாதம். பிரித்தேன். உடனே ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, அவர் சீப்பு, உழைப்பாளிகள் வரியை நியாயமான கூலி, வார ஓய்வு, சங்கம் வைக்கும் உரிமை என்று மூன்றாகப் பிரிக்கச் சொன்னார், மூன்று சரி வரும் என்று. மருந்துக்கடைக்காரர் சும்மா இருப்பாரா, குடும்பத்தை நான்காகப் பிரித்தார். ஒளிப்படக் கடைக்காரர், அவர் நாற்காலி, எதையும் பிரிக்கவில்லை. கோடு போட்ட இடத்திலெல்லாம் பாதிச் சரி போடலாமா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். இப்படியே மாறி மாறி மற்ற வரிகளையும் பிரித்து, ஏழு வரி பத்தொன்பது ஆகிவிட்டது. கடவுள் மோசேயிடம் கொடுத்த பத்துக் கற்பனைகளைக் கொண்டே இத்தனை காலம் ஓட்டிவிட்டோம். நம் பங்குக்கு அது போதவில்லை.

அந்நியரை வரவேற்றல் என்ற வரியில் மூன்று கட்சிக்கும் தப்பு விழுந்தது. அந்த வரியை எடுத்துவிடலாம் என்று மருந்துக்கடைக்காரர் சொல்ல, அதிசயமாகத் தலைமையாசிரியையும் தலையாட்டினார். "மூணு பேருக்கும் ஒரே மாதிரி வந்தா அது ஒப்பீடே இல்லைங்க" என்றார் அவர். போதனை இருக்கிறதே அம்மா என்றேன். போதனை வேதாகமத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்றார். நான் விடவில்லை. பயணிகள் ஏறாத நிறுத்தத்தையும் அட்டவணையில் வைத்திருந்தவன் நான்.

இனிமேல்தான் என் புகாரே. போன ஞாயிறு அட்டவணையை எழுதி முடித்து, அச்சுக்குப் போகுமுன் எல்லோரும் பார்த்துத் திருத்தம் சொல்லட்டும் என்று பங்கு மண்டபச் சுவரில் ஒட்டும்படி கோயிற்பிள்ளையிடம் கொடுத்தேன். மனுஷர் நாலு மூலையிலும் பசை தடவி, சுருக்கமில்லாமல் ஒட்டிவிட்டுச் சற்றுப் பின்னால் போய் நின்று பார்த்தார்.

"ஐயா, வலது ஓரத்துல ஒரு பத்தி சும்மா கிடக்குதே" என்றார்.

அது என் பழக்கம், தம்பி. எந்த அட்டவணையிலும் கடைசிப் பத்தியைக் குறிப்புக்காகக் காலியாக விடுவேன். பணிமனைக்காரர்கள் பாலம் உடைந்தது, வண்டி வரவில்லை என்று எழுதிக்கொள்வார்கள். முப்பத்தெட்டு வருஷம் விட்ட கை, தானாக விட்டுவிட்டது. குறிப்புக்கு என்றேன்.

"ஓ. நம்ம பங்குக்குன்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டுப் பசை டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கிண்டலா, கேள்வியா, ஒன்றும் தெரியவில்லை. பதினேழு வருஷமாக அவர் முகத்தில் ஒன்றும் தெரிந்ததில்லை.

இரண்டாம் பூசை முடிந்து வந்து பார்க்கிறேன், அந்தப் பத்தியின் தலையில் யாரோ பென்சிலால் 'நாம்' என்று எழுதியிருக்கிறார்கள். எழுத்து மாதா சபையுடையது மாதிரி இருந்தது, நிரூபிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா, போகிறவன் வருகிறவனெல்லாம் பென்சிலும் கையுமாக நிற்கிறான். முதலில் நல்லபடியாகத்தான் போயிற்று. கருவிலிருக்கும் உயிர், சரி. குடும்ப செபம், சரி. அந்நியரை வரவேற்றல் வந்ததும் ஒரு தப்பு. தீ விபத்தில் வீடிழந்த வேற்றூர்க் குடும்பத்துக்கு மண்டப நாற்காலி தருவதில்லை என்று போன வருஷம் தீர்மானம் போட்டோமாம். போட்டோம்தான். அதற்கு அவர்கள் தரையில் உட்காரப் பழகியவர்கள் என்று அப்போது ஒரு காரணமும் சொன்னோம். வார ஓய்வு வரியில் இன்னொரு தப்பு. பக்கத்தில் 'கோயிற்பிள்ளைக்கு எந்தக் கிழமை?' என்று ஒரு கேள்வி. அப்புறம் பதினான்காம் வரி, 'மாற்று இடம் தராமல் எந்த ஏழைக் குடும்பத்தையும் வெளியேற்றக் கூடாது.' அதற்கு நேரே ஒரு பெரிய தப்பு. அதன் கீழே, 'தீர்மானப் புத்தகம், பக்கம் 112.'

பக்க எண், தம்பி. தீர்மானப் புத்தகம் என் வீட்டு அலமாரியில் பூட்டி இருக்கிறது. சாவி என்னிடமும் உன் அண்ணியிடமும்தான் உண்டு. உன் அண்ணியை நான் சந்தேகப்படவில்லை.

மொத்தம் எண்ணிப் பார்த்தார்கள். சீப்புக்குப் பத்து சரி, வாளிக்கு ஒன்பது, நமக்கு எட்டு, நாற்காலிக்கு ஐந்தும் ஏகப்பட்ட கோடுகளும். போதனை நம்முடையது, மூன்றாம் இடமும் நமக்கு. மருந்துக்கடைக்காரர் அன்று மாலைக்குள் எனக்கு ஆறு முறை போன் செய்து, இது சீப்புக் கட்சியின் சதி என்றார். தலைமையாசிரியை ஒரே ஒரு முறை செய்து, சிரித்தார். பங்குத்தந்தையிடம் போனேன், அவர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்று, அடுத்த ஞாயிறு மறையுரைக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது என்றார். இதுவா ஒரு பங்கை நடத்துகிற முறை? கடைசியில் நானே அந்தப் பத்தியை அழித்துவிடுவது என்று முடிவு செய்து, கோயிற்பிள்ளையைக் கூப்பிட்டு ரப்பர் கேட்டேன்.

"ரப்பர் இருந்திச்சு ஐயா. பொண்ணுங்க படிக்கிற சாமானெல்லாம் பெட்டியில போட்டுக் கட்டிட்டோம். எந்தப் பெட்டின்னு தெரியல, பிரிச்சுப் பார்க்கவா?" என்றார்.

வேண்டாம் என்றேன். மூத்த பெண்ணுக்கு அடுத்த மாதம் பொதுத்தேர்வாம். கேட்காமலே சொன்னார்.

ஆகவே நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். நீ குருமடத்தில் பதினோரு வருஷமாக அறநெறி சொல்லிக்கொடுக்கிறாய். பங்கு என்பது கட்சி அல்ல, தேர்தலில் நிற்பதில்லை, ஆகையால் அதை மேற்படி அட்டவணையில் ஏற்றி அளப்பது முறையல்ல என்று உன் கையெழுத்தோடும் முத்திரையோடும் ஒரு கடிதம் எழுதி வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பிவிடு. அன்று அவசரக் கூட்டம். லத்தீனில் நாலு வார்த்தை போட்டால் இன்னும் நல்லது, மருந்துக்கடைக்காரர் வாயடைத்துப் போவார். அண்ணன் என்ற முறையில் இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை, நீ குருமடம் போன அன்று உன் பெட்டியை ரயிலடிவரை தூக்கி வந்ததற்குக்கூட.

வேறொன்றுமில்லை. உன் முழங்கால் வலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், முழந்தாளிடும் முன் தேய்த்துக்கொள்ளவும். பூசையில் எங்களை நினைத்துக்கொள். வயதில் மூத்தவன் என்ற முறையில் உன்னை ஆசீர்வதித்து, குரு என்ற முறையில் உன் ஆசீரைக் கேட்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
செயலாளர், பங்குப் பேரவை

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் உன் அண்ணி வாங்கி வாசித்தாள். 'உன் அண்ணியை நான் சந்தேகப்படவில்லை' என்ற இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்ப யாரைச் சந்தேகப்படறீங்க?" என்றாள். நான் உறைக்குப் பசை தேடினேன். "குருவானவருக்குப் பொய்யைத் தபால்ல அனுப்பறதா? அதுவும் கூடப்பிறந்தவருக்கு" என்று சொல்லி, உறையை அவளே எடுத்து வைத்துக்கொண்டாள். ஐந்து நாள் தரவில்லை. பக்க எண்ணை எழுதியது நான்தான். யாரோ வெறும் தப்பு மட்டும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள், ஆதாரம் இல்லாமல். மூன்றாம் விதிப்படி அது செல்லாது. ஆதாரமில்லாத கட்டத்தை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது, கை போய்விட்டது.

இதற்குள் ஞாயிற்றுக்கிழமையும் வந்து போய்விட்டதால் உன் கடிதம் தேவையில்லை. சீப்புக்குக் கீழே நம் பங்கு அச்சாகி வந்தால் தெருவில் தலைகாட்ட முடியாது என்று மருந்துக்கடைக்காரர் மேசையைத் தட்டினார். தப்பைச் சரியாக்க வழி உண்டா என்று கேட்டார். புதுத் தீர்மானம் இருந்தால் உண்டு என்று விதியைப் படித்துக் காட்டினேன். பக்கம் 112 இரத்து என்று அவரே முன்மொழிந்தார், ஒன்பது ஆயிற்று. கோயிற்பிள்ளைக்குத் திங்கட்கிழமை ஓய்வு என்றார், பத்து. கேட்கும் யாருக்கும் நாற்காலி தரலாம் என்றார், பதினொன்று. சீப்பைத் தாண்டியதும் உட்கார்ந்துவிட்டார். எல்லாம் ஏழு நிமிஷம், தலைமையாசிரியை உட்பட எதிர்ப்பில்லை. திங்கட்கிழமைகளில் மணி அடிக்கும் பொறுப்பு செயலாளருக்கு என்று பதிவாகியிருக்கிறது. கார் மரத்தடியில்தான் நிற்கிறது.