ஒன்றரை வேக ரசிகர்

சியோல் நகரத்து அடுக்குமாடி வீடுகளில் ஒரு பிராணி நாளுக்கு நாள் பெருகி வருகிறது. சாதுவானது, கடிக்காது, அபிப்பிராயம் மட்டும் சொல்லும். அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் ஒன்றரை வேக ரசிகர்.

இவர் எந்தப் படத்தையும் எடுத்தவர் எடுத்த வேகத்தில் பார்க்கமாட்டார். கைப்பேசியில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, பல் தேய்த்துக்கொண்டே காதலையும், காலுறை மாட்டிக்கொண்டே கல்யாணத்தையும், சுரங்க ரயிலில் தொங்கிக்கொண்டே கதாநாயகியின் சாவையும் பார்த்து முடித்துவிடுவார். படத்தில் யாராவது பேசாமல் சன்னல் வழியே வெறித்தால் போச்சு. திரையின் வலது ஓரத்தில் விரலால் இரண்டு தட்டு. பத்து விநாடி காலி. ஏன் இத்தனை அவசரம்? பார்த்த படத்தைப் பற்றிப் பேச நேரம் வேண்டாமா?

என் மனைவியின் அண்ணன் மா பியோங்-கு இந்த இனத்தில் அசல் வித்து. எங்கள் கட்டடத்திலேயே குடியிருக்கிறார். ஆகவே லிஃப்டில் தப்ப வழியில்லை.

"மாப்ளே, அந்தக் கலங்கரை விளக்கப் படம் பாத்தாச்சா?"

"இல்ல மச்சான், சனிக்கிழமை போலாம்னு..."

"போவாதீங்க. கெழவன் கடைசில செத்துருவான். ரெண்டாம் பாதி ஒரே இழுவை."

எங்கள் ஊர்ப் படங்களுக்கு இடைவேளையே கிடையாது. இரண்டாம் பாதி எங்கே தொடங்குகிறது என்பது மச்சானுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். பேய்ப் படத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்த்து, "பயமே வரல" என்றார். ஊரே கொண்டாடிய இசை நாடகத்தைப் பற்றி, "பாட்டையெல்லாம் தூக்கிட்டா தேறும்" என்றார். பொதுவாகவே அவருக்கு நாடகத்தின் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு.

"என்ன கருமமோ மாப்ளே, அத ஓட்டிவிட முடியமாட்டேங்குது."

இப்படிப்பட்டவரை என் மனைவி யொன்-சில் தன் நாடகத்துக்கு அழைத்தாள். மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள் அவள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து நடத்தும் குழுவுக்கு, நாடக அரங்குகள் நிறைந்த தேஹாங்னோ தெருவில் ஒரு நிலவறை அரங்கம் ஒரே ஒரு மாலைக்குக் கிடைத்தது. அவளுக்குக் கடலோடியின் மனைவி வேடம். தனியே உட்கார்ந்து வெகுநேரம் பேசாமல் பூண்டு உரிப்பாள். பிறகு வராத புருஷனோடு வெற்று அறையில் பேசத் தொடங்குவாள். நீளமான பேச்சு. அது முடிந்ததும் கதவு தட்டப்படும், விளக்கு மங்கும், புருஷன் வருவான். அந்தப் பேச்சை அவள் மாதக்கணக்காக எங்கள் சோற்றுப் பானையிடம் சொல்லிப் பழகினாள். ஒருநாள் நான் குளிர்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்குள் முகத்தை விட்டு அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பள்ளிக்கூட வயதில் "ஒனக்கு நடிப்பு வராதும்மா" என்று ஒரே வரியில் அவள் ஆசையை முடித்து வைத்தவர் இந்த அண்ணன்தான். அவர் இதைக் கேட்க வேண்டும். அவளுக்கு அது போதும்.

மச்சான் பூங்கொத்து இல்லாமல், அபிப்பிராயத்தோடு வந்தார். முதல் வரிசையில், மேடைக் கதவை ஒட்டிய நாற்காலியில் அமர்ந்தார். யொன்-சில் பூண்டு உரித்தாள். அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. எனக்கு அடுத்த நாற்காலியில் மச்சான் நெளிந்தார், கொட்டாவியை விழுங்கினார், நாற்காலியின் மரக்கையில், வலது ஓரத்தில், அவரை அறியாமலே விரல் இரண்டு தட்டுத் தட்டியது.

டொக், டொக்.

கதவு தட்டியாயிற்று என்று எண்ணி விளக்குக்காரர் விளக்கை மங்க வைத்தார். விளக்கு மங்கியதைக் கண்ட புருஷன் வேடக்காரர், தான்தான் தாமதம் என்று பதறிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே பாய்ந்தார். "நான் வந்துட்டேன் புள்ள!" யொன்-சில் திறந்த வாயோடு, உரிக்காத பூண்டோடு எழுந்து நின்றாள். அவள் பேச வேண்டியதெல்லாம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. நாடகம் குறித்த நேரத்துக்கு வெகு முன்பே முடிந்தது.

வாசலில், அரிதாரம் கலையாமல் அண்ணனுக்காக நின்றாள்.

"பிரமாதம்மா" என்றார் மச்சான். "நாடகம்னா இப்பிடி இருக்கணும். எங்கயுமே இழுக்கல. ஆமா, ஒனக்கு ஏன் வசனமே குடுக்கல?"

"குடுத்தாங்கண்ணே."

"அப்ப ஏன் பேசல?"

அவள் என்னைப் பார்த்தாள். சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே அவர் விரலை ஒடித்திருப்பேன்.

"வேணும்னா இப்ப சொல்றேன், கேக்குறீங்களாண்ணே?"

"சொல்லும்மா" என்றவர், கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "சுருக்கமா."

அவள் சிரித்துவிட்டு, அரிதாரம் கலைக்க உள்ளே போனாள். மச்சான் அன்றைக்கே தன் கைப்பேசியில் நாடகத்துக்குப் பத்துக்குப் பத்து போட்டார். அவர் வாழ்நாளில் அதுதான் முதல் பத்து.

சிரிக்கிறீர்கள். உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா? வசனம் இருக்கும் இடங்களை மட்டும் மேய்ந்துகொண்டு, நீளமான பத்திகளைத் தாண்டிக் குதித்து, "நடுவுல கொஞ்சம் இழுவை" என்று சொல்லத் தயாராகத்தானே இந்தக் கடைசி வரிக்கு வந்து சேர்ந்திருக்கிறீர்கள்? தயவுசெய்து திரும்பிப் போங்கள். அங்கே ஒருத்தி பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் பேசத் தொடங்கவில்லை.