சந்தனம் வைத்த மகசின்

நான் போட்டோகொப்பி மெஷின் திருத்துபவன். இருபத்தாறு வருடங்களாக லண்டன் அலுவலகங்களில் கடதாசி சிக்கிய மெஷின்களின் வயிற்றுக்குள் கையை விட்டுத்தான் சீவியம் போகிறது. மெஷின் கடதாசியை இழுக்கவில்லை என்றால் முதலில் தட்டைப் பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் என்னைக் கூப்பிட்ட எத்தனையோ பேரை ஏளனமாகப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான், என் சொந்தத் துவக்கே ரவையை, அதாவது தோட்டாவை, இழுக்க மறுத்த ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தேன் என்பதை எழுதுவது தொழிலுக்கே அவமானம். இருந்தாலும் எழுதுகிறேன். எப்படியும் என் மனைவி எல்லோருக்கும் சொல்லிவிட்டாள்.

துவக்கா, துப்பாக்கியா என்று பதற வேண்டாம். லூயிஷாமுக்கு அங்காலே, ரயில் பாலத்துக்குக் கீழே ஒரு பழைய சுடுபயிற்சிக் கிளப் இருக்கிறது. நாற்பத்தைந்து வயதில் டொக்டர் எனக்கு "ஏதாவது பொழுதுபோக்கு வேண்டும்" என்றார். (அவர் நடைப்பயிற்சியைத்தான் நினைத்திருப்பார்.) நான் படுத்துக்கொண்டு செய்யக்கூடிய ஒரே விளையாட்டைத் தேடிப் பிடித்தேன். பொலிஸ்காரர் செவன் கிங்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, சுவரில் பூட்டிய இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்து, வடை சாப்பிட்டு, லைசென்ஸ் தந்தார்.

என் மனைவி வாசுகி மட்டும் லேசில் லைசென்ஸ் தரவில்லை.

"துவக்குச் சத்தம் வேண்டாமெண்டுதானே இந்தக் குளிருக்குள்ளை வந்து கிடக்கிறம். நீங்கள் காசு கட்டிப் போய்ச் சுடப்போறியளோ?"

"இது கடதாசியைச் சுடுறது, வாசுகி."

"கடதாசியோடை உங்களுக்கு அப்பிடி என்ன கோவம்?"

இருபத்தாறு வருடக் கோபம் என்று சொல்லியிருக்கலாம்.

என்னுடையது அரைத் தானியங்கி. ஒவ்வொரு முறையும் விசையை நாம்தான் இழுக்க வேண்டும். மற்ற வேலையை அதுவே பார்க்கும். போல்ட் என்ற இரும்புத் துண்டு பின்னுக்குப் போய், சுட்டு முடிந்த ரவையின் வெறும் கோதை வெளியே எறியும், முன்னுக்கு வரும்போது அடுத்த ரவையைத் தள்ளிக்கொண்டு வரும். பத்து ரவைகளை அடுக்கிக் கீழே செருகும் சின்னப் பெட்டிதான் மகசின். உள்ளே ஒரு ஸ்பிரிங், அதன் மேல் ஒரு தட்டு. தட்டு ரவைகளை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். என் தொழிலில் கடதாசித் தட்டு எப்படியோ, அப்படியேதான்.

ஒக்டோபரில் சரஸ்வதி பூசை வந்தது. மகளின் புத்தகங்கள், கார்த் திறப்பு (சாவிதான்), என் ஸ்க்ரூட்ரைவர் பெட்டி எல்லாம் சாமித் தட்டுக்கு முன்னால் வரிசையாக இருந்தன.

"இஞ்சாருங்கோ, உந்தத் துவக்கையும் கொண்டு வாங்கோவன்."

"ஏலாது. சுடப்போற நேரம் தவிரப் பெட்டிக்குள்ளைதான் இருக்கவேணும். சட்டம்."

"அப்ப அந்தச் சின்னப் பெட்டி?"

மகசினுக்கு லைசென்ஸ் தேவையில்லை. என்னிடமிருந்த இரண்டில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தேன்.

"மற்றது?"

"ஒண்டு காணும்."

"ஒண்டுக்கு வைச்சு மற்றதுக்கு வைக்காமல் விட, அது என்ன பாவம் செய்தது?"

இரண்டையும் வைத்தேன். ஈஸ்ட் ஹாம் கடையில் வாங்கிய சந்தனத்தூளில் அன்று பன்னீர் கொஞ்சம் கூடிப்போயிற்று. வாசுகி எதையும் அரைகுறையாகச் செய்பவள் அல்ல. இரண்டு மகசினுக்கும் வாயிலேயே தாராளமாகச் சந்தனம் வைத்து, மேலே குங்குமமும் வைத்தாள். அடுத்த நாள் நான் வெளியே தெரிந்ததை டிஷ்யூவால் துடைத்து, பயபக்தியோடு பைக்குள் போட்டேன். உள்ளே பார்க்கவில்லை.

அந்த ஞாயிறு வருடாந்தப் போட்டி. ஆற்றுக்கு வடக்குப் பக்கத்துக் கிளப் ஒன்று வருடா வருடம் வந்து எங்களை வென்றுவிட்டுப் போகும். கிண்ணம், அவித்த முட்டை வைக்கிற சின்னக் கோப்பை அளவுதான். ஆனால் எங்கள் கப்டன் கீத்துக்கு அது வேண்டும். கீத் எழுபத்து நான்கு வயது ஓய்வுபெற்ற எஞ்சினியர். இந்த வருடத்தோடு கப்டன் பதவியை விடுவதாகச் சொல்லியிருந்தார். ஒரு தடவை அந்தக் கோப்பையைக் கையில் பிடித்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. நான்காவது ஆளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதால், மூன்று வருடமாகத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த என்னைக் கீத் இறக்கினார்.

"தேவ், அவசரப்படாதே. அதுதான் உன்னிடம் நான் கேட்பது" என்றார் ஆங்கிலத்தில்.

மூன்று சுற்று. ஒவ்வொன்றிலும் குறித்த நேரத்துக்குள் பத்து வெடி.

முதல் இரண்டு வெடியும் அழகாகப் போயின. மூன்றாவதற்கு விசையை இழுத்தேன். 'டிக்.' அவ்வளவுதான். போல்ட்டைக் கையால் இழுத்துப் பார்த்தேன். குழலின் அடி அறைக்குள் ரவை இல்லை. ரவை மகசினுக்குள் கீழேயே நின்றுகொண்டு, மேலே வர மனமில்லாமல் என்னைப் பார்த்தது. தட்டினேன், இழுத்தேன், ஒன்று ஏறியது. மறுபடி 'டிக்'. நேரம் முடிந்தபோது நான் சுட்டது நாலு.

இனித்தான் என் தொழில் அனுபவம் வேலை செய்யத் தொடங்கியது. உண்மையில் நான் முதலில் சந்தேகப்பட்டது தட்டைத்தான்! மற்ற மகசினை மாற்றிப் போட்டு, சோதனைத் தடத்தில் சுட்டுப் பார்த்தேன். இரண்டு வெடி, பிறகு 'டிக்'. எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒரு பாகத்தை மாற்றியும் கோளாறு மாறவில்லை என்றால் கோளாறு அந்தப் பாகத்தில் இல்லை. ஆகவே மகசின் குற்றமற்றது. (அதுவும் பூசையில் வைத்த மகசின்!)

ரவை சரியில்லை என்று செந்திலிடம் வேறு ரவை வாங்கினேன். செந்தில் எங்கள் அணியில் இருக்கும் கோயம்புத்தூர்ப் பிள்ளை, கணினி வேலை. வேறு ரவைக்கும் அதே 'டிக்'. குழலைத் துடைத்தேன். எண்ணெய் அடித்தேன். எண்ணெய் கூடிவிட்டதென்று அதையும் துடைத்தேன். குளிரைக் குற்றம் சொன்னேன். துவக்குக் கொம்பனியைக் குற்றம் சொன்னேன். கடைசியில் போல்ட்டைக் கழற்றினேன்.

"அண்ணா, அத இப்ப கழட்டணுமா?" என்றான் செந்தில்.

"இது எனக்குத் தண்ணி பட்ட பாடு."

சொல்லி வாயை மூடவில்லை, ஒரு சின்ன ஸ்பிரிங் துள்ளிப் பறந்து எதிரணிக் கப்டனின் கதிரைக்குக் கீழே போயிற்று. அவர் நல்ல மனிதர். எழும்பி, தன் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்தார். நான் எதிரணியின் எட்டுக் கால்களுக்கு நடுவில் தவழ்ந்து அதைத் தேடினேன். ஊரில் ஆர்மி ஹெலிகொப்டர் வந்து சுட்டபோதுகூட நான் இப்படித் தவழ்ந்ததில்லை.

இரண்டாவது சுற்றில் ஐந்து வெடி. மற்ற மூவரும் பிரமாதமாகச் சுட்டதால் நாங்கள் இன்னும் தோற்றுவிடவில்லை. கடைசிச் சுற்றில் நான் நூறுக்கு அறுபத்திரண்டு எடுத்தால் கிண்ணம் எங்களுக்கு என்று கீத் கணக்குப் பார்த்துச் சொன்னார். பயிற்சியில் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற புள்ளி அது.

மதிய இடைவேளையில் கீத் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். என்னென்ன மாற்றினாய் என்று கேட்டார். சொன்னேன். இரண்டு மகசினையும் கையில் எடுத்தார்.

"அந்த இரண்டு மகசினும் ஒரே வீட்டில், ஒரே பையிலா இருக்கின்றன?"

"ஓம்... யெஸ்."

"அப்படியென்றால் ஒன்றுக்கு வந்த நோய் மற்றதற்கும் வந்திருக்கலாம்."

இருபத்தாறு வருடத்தில் எனக்கு இது தோன்றியதில்லை.

கீத் ஒரு பென்சிலால் மகசினின் தட்டைக் கீழே அமுக்கினார். அது போனது. பென்சிலை எடுத்தார். தட்டு திரும்பி வரவில்லை. உள்ளே சுரண்டினார். மஞ்சளும் சிவப்புமாக ஏதோ உதிர்ந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"நல்ல வாசம். என்ன இது?"

அந்தக் கணத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை.

"ஒரு... உலர்ந்த மசகு. எங்கள் ஊரில் பாவிப்பது. மரத்திலிருந்து எடுப்பார்கள்."

கீத் சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். "எந்த மரம்?"

அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் வாசுகி மட்டன் ரோல்ஸ் பெட்டியோடு உள்ளே வந்தாள். மேசையில் உதிர்ந்து கிடந்ததைக் கண்டாள்.

"ஐயோ, இது நான் வைச்ச சந்தனமெல்லே! நீங்கள் இன்னும் துடைக்கேல்லையே?" என்றவள், கீத்துக்கும் விளங்கவேண்டும் என்று அதையே ஆங்கிலத்திலும் சொன்னாள். எதிரணிக்கும் விளங்கியது.

செந்தில் தலையில் கை வைத்தான். "அண்ணா, ஆயுத பூஜைக்கு எங்கப்பா லேத் மிஷினுக்கே பொட்டு வெப்பாரு. ஆனா ஓடுற எடத்துல வெக்க மாட்டாருண்ணா!"

கீத் சிரிக்கவில்லை. "எந்தக் கடவுளுக்கு?" என்று மட்டும் வாசுகியிடம் கேட்டார்.

"படிப்புக்கான தெய்வம்."

"சரி. பாடம் படித்துவிட்டோம்" என்றார். குறிப்புப் புத்தகத்தில் எழுதியதை ஒரு கோட்டால் வெட்டினார்.

தேநீர்ப் பானையின் சுடுநீரில் இரண்டு மகசினையும் கழுவினோம். காது துடைக்கும் பஞ்சால் வாசுகி உள்ளே துடைத்தாள். கழிப்பறையில் கை காய வைக்கும் மெஷினுக்குக் கீழே செந்தில் பிடித்துக்கொண்டு நின்றான். தட்டு துள்ளிக்கொண்டு மேலே வந்தது.

மூன்றாவது சுற்று. ஒன்று, இரண்டு... மூன்றாவது ஏறியது! நான்காவது, ஐந்தாவது. ஒவ்வொரு கோதும் பறக்கப் பறக்க எனக்குக் கண் கலங்கியது. பத்தும் சுட்டு, நேரமும் மிச்சம். எழும்பி நின்று இரண்டு கையையும் தூக்கினேன். பின்னால் வாசுகி கைதட்டினாள்.

கடதாசி வந்தது. நூறுக்கு நாற்பத்தொன்று.

அடுத்த ரவை ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்ததில், எங்கே போகிறது என்று பார்க்க மறந்துவிட்டேன். அதுவரை குற்றம் சொல்ல ரவை இருந்தது, குளிர் இருந்தது, சந்தனம் இருந்தது. எல்லாம் சரியான பிறகு மிஞ்சிய ஒரே பாகம் நான்தான்.

வடக்குக்காரர்கள் முட்டைக் கோப்பையைப் பையில் வைத்துக்கொண்டு, வாசுகியின் ரோல்ஸையும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் கீத்திடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கடதாசியை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டைகளை எண்ணினார்.

"இப்படி முடித்துக்கொண்டு போக என்னால் முடியாது" என்றார். இன்னும் அவர்தான் கப்டன். நான் மறுபடி தேநீர்.

கிளப் சுவரில், ரவை ஏறாவிட்டால் என்ன பார்க்க வேண்டும் என்ற பட்டியல் ஒன்று தொங்குகிறது. அதன் முதல் வரி கீத்தின் கையெழுத்தில் புதிதாக இருக்கிறது: 'தேவின் வீட்டுக்குப் போய் வந்ததா?'

இப்போதும் ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் மகசின்கள் இரண்டும் சாமித் தட்டில் இருக்கும், பிளாஸ்டிக் பைக்குள். சந்தனம் பைக்கு மேலேதான். வீட்டில் வைஃபை நின்றாலும், கார் ஸ்டார்ட் ஆகாவிட்டாலும், நான் வைத்த கறிக்கு உப்புக் கூடினாலும், மகள் முதலில் திரும்பித் தாயைத்தான் கேட்பாள்: "அம்மா, சந்தனம் வைச்சனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை."

"அப்ப அப்பாவிலைதான் பிழை."